அமெரிக்க மசில் கார் சேகரிப்பு: முதலில் காகிதம், அப்புறம் வண்டி

1964 மாடலுக்காக பான்டியாக் நிறுவனம் ஒரு தில்லாலங்கடி வேலை செய்தது. பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கியூபிக் இஞ்ச் வி8 இன்ஜினை, டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காருக்குள் இறக்கியது. நடுத்தரக் கார்களில் 330 கியூபிக் இஞ்சுக்கு மேல் போகக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. அதற்குத் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு கண்டுபிடித்த சந்து இதுதான்: தனி மாடல் என்று சொல்லாமல், கூடுதலாக 296 டாலர் கட்டினால் கிடைக்கும் ‘ஆப்ஷன்’ என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. முதல் வருடமே 32,450 வண்டிகள் விற்றன.

சேகரிக்க ஆசைப்படுகிறவர் மனதில் நிறுத்த வேண்டிய முதல் விஷயம் இந்தக் கதையிலேயே இருக்கிறது. மசில் கார் என்பது சாதாரணக் கார் உடம்பு, பெரிய இன்ஜின், ஆர்டர் படிவத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். ஒரு லட்சம் டாலர் வண்டிக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு விலை வண்டிக்கும் தகட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. இன்ஜினை மாற்றி, பானெட்டை மாற்றி, எழுத்து பேட்ஜை ஒட்டினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். பிறந்தபோது அது என்னவாக இருந்தது என்பதற்கான அத்தாட்சியைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். வண்டி அதோடு சேர்ந்து வருகிறது.

இந்தக் கோல்மாலும் புதிதல்ல. 1964-இல் ஒரு பிரபல கார் பத்திரிகை சோதித்துப் பார்த்து வியந்த ஜிடிஓவில் இருந்தது 389 அல்ல, 421 இன்ஜின். பான்டியாக் விளம்பரத்துக்குப் பின்னால் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல வருடம் கழித்து அதை ஒப்புக்கொண்டார். முதல் மசில் காரிலேயே இன்ஜின் மாறாட்டம் என்றால் மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

படி 1: எதைச் சேர்ப்பது என்று கோடு போடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அது சேகரிப்பு ஆகாது, பழைய கார் யார்டு ஆகிவிடும். ஒரே நிறுவனம், ஒரே இன்ஜின், ஒரே ஆண்டு என்று ஏதாவது ஒரு வரம்பு வேண்டும். என் ஓட்டு ஒரே ஆண்டுக்கு. எந்த ஆண்டு என்றால் யோசிக்காமல் 1970 என்பேன்.

காரணம் உண்டு. நடுத்தரக் கார்களில் 400 கியூபிக் இஞ்ச் என்று அதற்குள் உயர்ந்திருந்த உச்சவரம்பை ஜெனரல் மோட்டார்ஸ் அந்த மாடல் ஆண்டில்தான் எடுத்துவிட்டது. உடனே செவ்ரோலே செவெல் எஸ்எஸ் 454-இல் எல்எஸ்6 இன்ஜின் வந்தது. நிறுவனம் சொன்ன கணக்கு 450 குதிரைத்திறன். பியூக் ஜிஎஸ்எக்ஸ் 455 இன்ஜினோடு வந்தது, 510 பவுண்டு-அடி முறுக்குவிசை. அந்த வருடம் மொத்தமே 678 வண்டிகள், மஞ்சள் அல்லது வெள்ளை, வேறு நிறம் கிடையாது. டாட்ஜ் சாலஞ்சர் பிறந்ததும் பிளிமத் பாராகுடா புது உடம்பு எடுத்ததும் அதே ஆண்டில்தான். ஃபோர்டு பக்கம் மஸ்டாங்கின் பாஸ் 302, பாஸ் 429.

அடுத்த வருடமே இறங்குமுகம். ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனைக் குறைத்தது. 1972-இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது: ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்க ஆரம்பித்தார்கள். செவெலின் எல்எஸ்5 454 இன்ஜின் 1971 பட்டியலில் 365, 1972 பட்டியலில் 270. இன்ஜின் அவ்வளவு இளைத்துவிடவில்லை, தராசுதான் மாறியது. விளம்பரத்தில் குதிரைத்திறனை ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். இளைஞர்களின் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது; கதை முடிந்தது. ஆக 1964 முதல் 1972 வரைதான் களம்.

முதல் வண்டியே ஹெமியாக, அதாவது கிறைஸ்லரின் 426 கியூபிக் இஞ்ச் ஹெமி இன்ஜின் வைத்த வண்டியாக, இருக்க வேண்டியதில்லை. பிளிமத் டஸ்டர் 340, ஏஎம்சி ஜாவலின், பியூக் ஜிஎஸ் 455 எல்லாம் அதே காலத்தின் அசல் சரக்கு; கூட்டம் செவ்ரோலே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங் பின்னால் ஓடுவதால் இவற்றின் விலை அடக்கமாக இருக்கிறது. இந்த வண்டிகளில் கற்றுக்கொண்டு அப்புறம் மேலே போகலாம்.

படி 2: எந்த நிறுவனத்துக்கு எந்தக் காகிதம்

இதில் நான்கு வீட்டுக்கும் நான்கு பழக்கம். யாரிடம் என்ன ஆவணம் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே பலர் தங்கள் பிராண்டைத் தேர்வு செய்கிறார்கள். அது தவறில்லை.

ஃபோர்டு வாங்குகிறவர் கொடுத்துவைத்தவர். 1967 முதலான தயாரிப்புத் தரவுகள் பத்திரமாக இருக்கின்றன. வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை கொடுக்கும் தனி அடையாள எண்) கொடுத்து ‘மார்டி ரிப்போர்ட்’ வாங்கினால் அந்த வண்டி எந்த நிறம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த டீலருக்குப் போனது என்பதெல்லாம் வந்துவிடும். ஃபோர்டு வின் எண்ணிலேயே இன்ஜின் எழுத்தும் உண்டு: 289 ஹை-பர்ஃபாமன்ஸுக்கு ‘கே’, பாஸ் 302-க்கு ‘ஜி’, பாஸ் 429-க்கு ‘இசட்’. ரிப்போர்ட் இல்லாமல் விற்க வரும் 1969 பாஸ் மஸ்டாங்கைப் பார்த்தால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அதற்கு நல்ல பதில் எதுவும் இருக்க முடியாது.

பான்டியாக்கும் பரவாயில்லை. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், சுருக்கமாக பிஎச்எஸ், அசல் விலைப்பட்டியலின் நகலைத் தரும். 1966 முதல் 1971 வரை ஜிடிஓவின் வின் எண் 242 என்று தொடங்கும். 1964, 65 வண்டிகளில் ஜிடிஓ வெறும் ஆப்ஷன் என்பதால் வின் எண் லெமான்ஸ் என்றுதான் சொல்லும். அந்த இரண்டு வருட வண்டிக்கு பிஎச்எஸ் காகிதம் இல்லாமல் பேரமே பேசாதீர்கள்.

கிறைஸ்லர் வண்டிகளுக்கு, அதாவது ரசிகர்கள் மோபார் என்று சொல்லும் டாட்ஜ், பிளிமத்துக்கு, ஃபோர்டைப் போல முழுத் தரவுத்தளம் இல்லை. ஆனால் வின் எண் நன்றாகப் பேசும். ‘பிஎஸ்23ஆர்0பி’ என்று ஒரு எண் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பி’ என்றால் பாராகுடா. ‘எஸ்’ என்றால் அதில் கூடா எனும் உயர்வகை. 23 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். ஐந்தாவது இடத்து ‘ஆர்’ தான் 426 ஹெமி. 0 என்றால் 1970. கடைசி ‘பி’ மிச்சிகனின் ஹாம்ட்ராமக் ஆலை. அந்த ‘ஆர்’ இருக்கும் இடத்தில் ‘என்’ இருந்தால் அது 383 இன்ஜினோடு பிறந்த வண்டி. இப்போது பானெட்டுக்குள் ஹெமி உட்கார்ந்திருந்தாலும் விலை 383 விலைதான். ஒரு எச்சரிக்கை: எழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1969-இல் ஹெமிக்கு ‘ஜே’.

மோபாரில் இன்னும் இரண்டு பொருள் தேட வேண்டும். பானெட்டைத் திறந்தால் உள்ஃபெண்டரில் திருகியிருக்கும் சின்னத் தகடு ‘ஃபெண்டர் டேக்’. ஆப்ஷன்கள் குறியீடாக அதில் அடித்திருக்கும். இன்னொன்று ‘பில்ட் ஷீட்’. ஆலையில் வண்டியோடு போன காகிதம் இது. பெரும்பாலும் பின்சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் செருகிக் கிடக்கும். துருக்கறை படிந்து, எலி கடித்து, மடிப்பில் கிழிந்துதான் வரும். மொடமொடவென்று ஒரு பில்ட் ஷீட்டை யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள். அதற்காகக் கறை படிந்ததெல்லாம் அசல் என்றும் இல்லை. உள்ளே இருக்கும் வின் எண் வண்டியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆலைத் தொழிலாளிகள் அவசரத்தில் ஒரு வண்டியின் ஷீட்டை அடுத்த வண்டியில் செருகியதும் உண்டு.

செவ்ரோலேதான் தலைவலி. ரசிகர்கள் அதிகம், ஆவணம் குறைவு, போலி அதிகம். 1966 முதல் 68 வரை செவெல் எஸ்எஸ் 396-க்குத் தனி எண் வரிசை, 138. 1969-இலிருந்து எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் தொகுப்பு. வின் எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆக, 1970 செவெல் எஸ்எஸ் 454 என்று சந்தையில் நிற்பதில் எத்தனை சாதாரண செவெல் மாலிபுவாகப் பிறந்தவை என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டிக்கிடக்கும் பில்ட் ஷீட், வாரன்டி புத்தகத்தோடு கொடுத்த ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சின்ன உலோகத் தகடு, டீலர் ரசீது, பழைய உரிமையாளரின் புகைப்படம் என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டும் விலைச்சீட்டு பளபளவென்று இருந்தால் மயங்க வேண்டாம். அதைப் புதிதாக அச்சடித்துக் கொடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகு, அத்தாட்சி அல்ல.

படி 3: டார்ச் எடுத்து எண்களைப் படியுங்கள்

காகிதம் சரி என்றால் அது இந்த வண்டியின் காகிதம்தானா என்பது அடுத்த கேள்வி.

டேஷ்போர்டின் வின் தகட்டில் தொடங்குங்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து பல நிறுவனங்கள் இந்தத் தகட்டுக்கு ஆறு இதழ் பூ மாதிரித் தலை உள்ள ரிவெட்டைப் பயன்படுத்தின. சாதாரண உருண்டை ரிவெட் இருந்தாலோ, ரிவெட்டைச் சுற்றிக் கீறல் இருந்தாலோ தகடு கைமாறியிருக்கலாம். வின் தகட்டை மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்; அந்த வண்டி போலீஸ் கைக்குப் போனால் வாங்கியவர் கதி அதோகதி. அதனால் உடம்பில் மறைவாக அடித்திருக்கும் பகுதி எண்ணையும் தேடுங்கள். மோபாரில் ரேடியேட்டர் தாங்கியிலும், 1968-க்குப் பிந்தைய கமாரோவில் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) ஹீட்டர் மோட்டார் பெட்டிக்குப் பின்னாலும் இருக்கும்.

அடுத்து இன்ஜின். செவ்ரோலே வி8-இல் வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். 1969 கமாரோ இசட்/28 என்றால் ‘வி0115டிஇசட்’ போல ஒன்று தெரிய வேண்டும். ‘வி’ என்றால் ஃபிளின்ட் இன்ஜின் ஆலை, 0115 என்றால் ஜனவரி 15, ‘டிஇசட்’ என்றால் 302 இன்ஜின். பக்கத்திலேயே வின் எண்ணின் ஒரு பகுதி அடித்திருக்கும். அது டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போனால் அதுதான் ‘நம்பர்ஸ் மேட்சிங்’.

ஆனால் எண்ணை மட்டும் படித்துவிட்டு நிமிராதீர்கள். அந்தச் சமதளத்தின் பரப்பைப் பாருங்கள். ஆலையில் பிளாக்கைச் சீவிய இயந்திரம் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச்சென்றிருக்கும். எண் அந்தக் கோடுகளின் மேல் அடித்திருக்க வேண்டும். பரப்பு வழுவழுவென்று, அல்லது குறுக்கே தேய்த்த தடத்தோடு இருந்து, எண் மட்டும் கூர்மையாக இருந்தால் பழைய எண்ணைச் சீவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ரீபில்டு செய்யும்போது பிளாக்கைச் சீவியதில் எண் நியாயமாகவே அழிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் எண்ணே இருக்காது. இல்லாத எண் நஷ்டம். புதிதாக முளைத்த எண் மோசடி.

தேதிகளின் வரிசையும் பொய் சொல்லாது. முதலில் பிளாக் வார்த்த தேதி, பிறகு இன்ஜின் கூட்டிய தேதி, கடைசியில் வண்டி வெளிவந்த தேதி. மார்ச்சில் வார்த்த பிளாக் ஜனவரியில் வெளிவந்த வண்டியில் பிறந்திருக்க முடியாது. கார்பரேட்டர், ஆல்டர்னேட்டர், ஜன்னல் கண்ணாடி வரை தேதிக் குறியீடு உண்டு.

படி 4: துரு

பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த வண்டி எப்படி இருக்கும் என்று நம் ஊர் டிங்கரிங் பட்டறைக்குப் போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தமும் பெயின்ட் கனம் அளக்கும் கருவியும் கொண்டுபோங்கள். பின்சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கி தளம், வினைல் கூரை போட்ட வண்டியில் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, இந்த மூன்றும் கட்டாயம். வைப்பருக்குக் கீழே இலைச்சருகு தேங்கும் கௌல் பகுதியை மறந்துவிடுவார்கள்; மஸ்டாங்கில் அது ஓட்டையானால் மழைநீர் நேராகக் காலடிக்கு வரும், சரிசெய்ய வண்டியின் முன்பாதியையே பிரிக்க வேண்டும்.

மிச்சிகன், ஓஹையோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அங்கேயே ஓடிய வண்டியைவிட அரிசோனா வண்டி மேல். வெயிலில் அதன் டேஷ்போர்டு வெடித்திருக்கும், சீட் பாளம் பாளமாகப் போயிருக்கும், ஆனால் தகடு இருக்கும். சீட் துணியைக் கடையில் வாங்கிவிடலாம். உண்மையில் 1969 கமாரோவின் முழு உடம்பையே டைனகார்ன் நிறுவனம் புதிதாகச் செய்து விற்கிறது. இந்த வழிகாட்டியில் காகிதத்தை முதலில் வைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

படி 5: வாங்குமிடமும் விற்பவர் பாஷையும்

ஜனவரியில் மீகம் நிறுவனத்தின் ஏலம் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியிலும், பாரெட்-ஜாக்சன் ஏலம் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலிலும் நடக்கும். அங்கே மேடையேறும் நாளில் வண்டியைப் பார்ப்பது வீண். முந்தைய நாட்களில் வரிசையில் நிற்கும்போது போய்க் குனிந்து பாருங்கள். சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, வழக்கமாகப் பத்து சதவீதம். அதையும் லாரி வாடகையையும் கழித்துக்கொண்டு உச்ச விலையை வீட்டிலேயே எழுதிவையுங்கள். 2014-இல் சியாட்டிலில் ஒரு 1971 ஹெமி கூடா கன்வெர்ட்டிபிள் 35 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தமே 11 செய்த வண்டி அது. அந்தச் செய்தியைக் காட்டி 383 கூடாவுக்கு விலை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விளம்பர வாசகத்தைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ‘டிரிப்யூட்’, ‘ரீ-கிரியேஷன்’ என்றால் குளோன், அதாவது சாதாரண வண்டியை உயர்வகை மாதிரி மாற்றியது. ‘டேட் கரெக்ட் பிளாக்’ என்றால் இன்ஜின் அசல் அல்ல, தேதி பொருந்தும் வேறொன்றைத் தேடிப்போட்டிருக்கிறார்கள். ‘விற்பவர் கூற்றுப்படி’ என்றால் ஏலக்காரர் கை கழுவிவிட்டார். குளோன் என்றால் கேவலம் இல்லை. குளோன் என்று சொல்லி, குளோன் விலைக்கு விற்றால் ஆசைதீர ஓட்ட அதைவிட நல்ல வண்டி கிடையாது.

என் சாய்வு ஏலத்தைவிடக் குறிப்பிட்ட மாடலின் உரிமையாளர் சங்கங்கள் பக்கம். நவம்பரில் சிகாகோ அருகே ரோஸ்மான்ட்டில் மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ் கண்காட்சி நடக்கும். அங்கே ஒரே மாடலைப் பல வருடமாக நோண்டுகிறவர்களைச் சந்திக்கலாம். வாங்கும் முன் அப்படி ஒருவருக்குக் கூலி கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொல்வது மொத்தச் செலவில் தூசு. டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் வசதி: ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில் எல்லா மாடலும் கண்முன்னே ஊர்ந்து போகும். பேச்சுக் கொடுத்தால் உரிமையாளர்கள் பானெட்டைத் திறந்தே காட்டுவார்கள்.

படி 6: ரீஸ்டோர் செய்வதா, விடுவதா

அசல் பெயின்ட் பாதிக்கு மேல் பிழைத்திருந்தால் கை வைக்காதீர்கள். மங்கலாகவே இருக்கட்டும். சாக்பீஸ் குறிகள், ஆய்வாளர் தொட்டுவைத்த பெயின்ட் புள்ளிகள், அடிப்பாகத்தில் தெறித்த நிறம் எல்லாம் அந்த வண்டியின் சாட்சிகள். ஒருமுறை சுரண்டினால் போச்சு. ஏற்கெனவே பிரித்து மேய்ந்த வண்டி என்றால் தாராளமாக ரீஸ்டோர் செய்யலாம். ஒன்று மட்டும்: முழு ரீஸ்டோருக்கு ஆகும் செலவு பெரும்பாலும் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். முடித்த வண்டியை வாங்குவதே சிக்கனம்.

படி 7: நிறுத்துவதும் ஓட்டுவதும்

கூரையும் உலர்ந்த தரையும் வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் போதும். அதற்கு மேல் துரு, ரொம்பக் கீழே போனால் ரப்பரும் தோலும் வெடிக்கும். எலிப்பொறி கட்டாயம். பேட்டரிக்கு மெயின்டெனர் மாட்டுங்கள்.

அமெரிக்க பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்பரேட்டருக்குள் பிசுபிசுக்கும், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் ஸ்டெபிலைசர் ஊற்றி, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிவிடுங்கள். எல்எஸ்6 மாதிரி 11.25-க்கு 1 கம்ப்ரெஷன் உள்ள இன்ஜினுக்கு பங்கின் 93 ஆக்டேன் போதாது. ரேஸ் பெட்ரோல் கலக்க வேண்டும், இல்லையேல் நாக்கிங் பிஸ்டனைத் தின்னும். அங்கே ஆக்டேன் கணக்கு வேறு: அவர்களுடைய 93 நம் ஊர்க் கணக்கில் சுமார் 98.

இன்ஜின் ஆயிலில் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தக் கால ஆயில்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைத்துவிட்டார்கள். அந்தக் கால ஃபிளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட்டுக்கு அதுதான் கவசம். வால்வோலின் விஆர்1 போலத் துத்தநாகம் தூக்கலான ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

டயர் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு அந்தக் கால பயஸ்-பிளை, சாலைக்கு ரேடியல். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 1966 வரையிலான பல வண்டிகளில் பிரேக் ஒற்றைச் சுற்றுதான்; ஒரு குழாய் போனால் நான்கு சக்கரமும் போச்சு. மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் சாலையில் ஓட்டிச் சூடேற்றுங்கள். கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது சைலன்சருக்குள் தண்ணீரைத்தான் சேர்க்கும்.

படி 8: காப்பீடும் கோப்பும்

‘அக்ரீட் வேல்யூ’ காப்பீடு மட்டும் எடுங்கள். வண்டி போனால் இன்ன தொகை என்று முன்கூட்டியே இரு தரப்பும் கையெழுத்திடுவது அது. சாதாரணக் காப்பீட்டில் அது வெறும் பழைய கார், தேய்மானம் போகக் கொடுப்பார்கள். ஹாகர்ட்டி, கிரண்டி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கின்றன. மதிப்பை அவ்வப்போது திருத்துங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோப்பு வையுங்கள். அசல் காகிதங்கள் தீப்பிடிக்காத பெட்டியில், நகல்கள் வேறிடத்தில். பிளாக் எண்ணின் தெளிவான படம், மறைவு எண்களின் படம், வாங்கிய ரசீது, போட்ட செலவு, பழைய உரிமையாளர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

கடைசியில் விற்கப்போவது பெரும்பாலும் நாமல்ல, பிள்ளைகள். ஃபுளோரிடாவின் புன்டா கோர்டாவில் பழைய வால்மார்ட் கட்டடத்தில் இயங்கிய மசில் கார் சிட்டி என்ற தனியார் சேகரிப்பு 2021 ஜனவரியில் கலைந்தது. ஏறத்தாழ 200 வண்டிகளைக் குறைந்தபட்ச விலை இல்லாமல் மீகம் ஏலம் விட்டது. அது உரிமையாளர் இருக்கும்போதே, தன் விருப்பப்படி செய்தது. அவர் இல்லாத வீட்டில், எது ஹெமி எது 383 என்று தெரியாத மகன் கையில் சாவிக்கொத்து மட்டும் இருந்தால், முதலில் வாசலுக்கு வரும் தரகர் சொல்வதுதான் விலை. உயிலில் வண்டிப் பட்டியலோடு, கோப்புகள் எந்தப் பெட்டியில், அதன் சாவி யாரிடம், விற்கும் முன் எந்தச் சங்கத்து ஆளைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.